ஞானத்தாய் படுத்துக்கிடந்த மாதங்கள்

கோயிலில் காண்பவர்கள், பேருந்தில் காண்பவர்கள், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மரக்கறிக் கடை வைத்திருக்கும் இத்தாலியர், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எமல்டா, உனக்கு என்னதான் நடந்தது? ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நிறையக் கதைத்தால் வாயின் இடது பக்கம் இன்னும் சோர்ந்துபோகிறது. அதனால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். எனக்கு வந்த வருத்தத்தை, அந்த நோயைப் பற்றி மட்டும் அறிய விரும்புகிறவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். மீதியை எங்கள் கோயிலில் புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக நிற்கிறவர்கள் வாசிக்கட்டும்.

எனக்குச் சொந்த இடம் ஊர்காவற்றுறை. பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. என் கணவர் சேவியர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். நான் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, ஒரு சின்யோராவைப் பார்த்துவந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறகு விளங்கும்.

எங்கள் தமிழ்ச் சமூகத்துக்குப் பூசை வைக்கும் சுவாமி ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். வளர்ந்த வயதில் ஞானஸ்நானம் பெற விரும்பி வருகிறவரை, விசுவாசத்தில் நெடுநாள் இருந்த ஒருவரிடம் ஒப்படைப்பார். பாடம் நடத்துவது சுவாமியின் வேலை. கூட இருப்பது எங்கள் வேலை. அப்படித்தான் தர்சினி என்னிடம் வந்தாள்.

அவளுடைய குடும்பம் சாவகச்சேரி. சைவக் குடும்பம். இங்கே ஒரேத்தோ வீதிப் பக்கம் இருக்கிறார்கள். ஏழு வயதில் இங்கே வந்தவள், இப்போது ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். ஒரு மார்கழியில் சிநேகிதியோடு எங்கள் கோயிலுக்கு நத்தார்ப் பாட்டுப் பழக வந்தாள். சிநேகிதி குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். தர்சினி வருவதை நிறுத்தவில்லை. காதல், கல்யாணம் என்று ஒரு காரணமும் அவளிடம் இருக்கவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் என் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்போம். அவள் கேள்வி கேட்பாள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் சுவாமியிடம் கேட்போம். ஒருநாள், செபிக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஓர் ஆளோடு கதைப்பது போலவா, தனியக் கதைப்பது போலவா? பக்கத்து அறையில் இருக்கிறவரோடு கதைப்பது போல, முகம் தெரியாது, ஆனால் ஆள் இருப்பது தெரியும் என்று சொன்னேன். அது அவளுக்குப் பிடித்துக்கொண்டது.

அவளுடைய தாய் நாகேஸ்வரி என்னைவிடச் சில வயது மூத்தவர். முன்பெல்லாம் நாகேசக்கா என்று கூப்பிட்டால் நின்று கதைப்பார். மகளுடைய விருப்பம் தெரிந்த பிறகு கடையில் என்னைக் கண்டால் அடுத்த பக்கத்தால் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவர்களும் வேதக்காரரும் சேர்ந்துதான் இந்த நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறுவோம். அங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தகப்பன் என்னைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார் என்று தர்சினி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருட உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள் திருவிழிப்புப் பூசையில் ஞானஸ்நானம், நான் ஞானத்தாய் என்று முடிவாகியிருந்தது.

தவக்காலம் தொடங்கிச் சில நாட்களில் எனக்கு வயிற்றோட்டம் வந்தது. கோழி இறைச்சி சரியாக வேகவில்லையோ என்னவோ. இரண்டு மூன்று நாளில் சுகமாகிவிட்டது. அதற்கு அடுத்த கிழமை கால்விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சப்பாத்து இறுக்கம் என்று நினைத்தேன். மறுநாள் அது முழங்கால்வரை வந்தது. கைவிரல் நுனிகளிலும் தொடங்கியது. சின்யோராவின் உடுப்புகளை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டு நின்றபோது முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பது போல மடிந்தன. நிலத்தில் இருந்தேன். எழும்ப முடியவில்லை. கதிரையை விட்டு எழும்ப முடியாத அந்த மனுசி, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தன் மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அவரைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் சக்கர நாற்காலியில் வைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். எத்தனை மணித்தியாலம் என்று தெரியாது. சேவியர் ஏப்ரனோடு வந்திருந்தார், கழற்ற மறந்துவிட்டார். பக்கத்தில் கை முறிந்த ஒருவர், மூச்சு வாங்கும் ஒரு கிழவர், அழுது களைத்துத் தூங்கிய ஒரு குழந்தை. எனக்கு வலி இல்லை என்பதால் எனக்குப் பின்னே வந்தவர்கள் முன்னே போனார்கள். அதில் பிழை இல்லை. பார்க்க நான் களைத்துப்போன ஒரு பொம்பிளை, அவ்வளவுதான். கடைசியில் ஓர் இளம் வைத்தியர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மற்றதிலும் தட்டினார். பிறகு கணுக்காலில், முழங்கையில். அதுவரை என்னோடு பகிடியாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார்.

எனக்கு வீட்டு இத்தாலியன் நன்றாக வரும். சமையல், மருந்து நேரம், வெளி வாசல் திறப்பு, இதெல்லாம் கதைப்பேன். வைத்தியசாலை இத்தாலியன் வேறு. அதனால் தர்சினி கிளினிக்கிலிருந்து நேரே வந்து என் கட்டிலருகே நின்றாள். அவர்கள் சொல்வதை அவள் தமிழில் சொல்வாள், நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்வாள்.

முதுகில் ஊசி போட்டு முள்ளந்தண்டைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து இறால் போலச் சுருண்டு படுக்கவேண்டும். அந்த நீரில் புரதம் கூடி, வெள்ளை அணுக்கள் கூடாமல் இருந்தால் இந்த வருத்தம் என்று அர்த்தமாம். பிறகு கைகால்களில் கம்பிகளை ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று அளக்கும் சோதனை அது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு துள்ளும். என்னுடைய நரம்புகள் மிக மெதுவாக இருந்தன.

வருத்தத்தின் பெயர் கில்லன்-பாரே. நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பு ஒரு படையை எழுப்புகிறது. கிருமி போன பிறகும் படை கலையவில்லை. மின்கம்பிக்கு மேலே றப்பர் இருப்பது போல நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது. அதைக் கிருமி என்று நினைத்துப் படை தின்னத் தொடங்குகிறது. அதனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர்வதில்லை. காலில் தொடங்கி மேலே மேலே ஏறும். அநேகமானவர்கள் சுகமாவார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். எவ்வளவு மேலே ஏறும் என்பது ஏறி முடிந்த பிறகுதான் தெரியும்.

என்னுடையது ஏறிக்கொண்டிருந்தது. கை தூக்கமுடியாமல் போனது. முகம் ஒரு பக்கம் இழுத்தது. ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். நாளுக்குப் பல தடவை ஊதவேண்டும். ஒருநாள் பின்னேரம் ஊதி முடிந்ததும், என்னைப் பார்த்துவந்த பெண் வைத்தியர் தர்சினியைத் திரும்பிப் பார்த்து நீண்ட நேரம் கதைத்தார். தர்சினி தலையாட்டினாள். பிறகு என்னிடம் குனிந்து, விடியத் திரும்பவும் ஊதச் சொல்லுவினம், இப்ப படுங்கோ என்றாள்.

அவ்வளவு நீளமான கதைக்கு அவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பு. அதற்குள்ளே ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல், ரியனிமாசியோனே. நான் முதலில் வேலை செய்த வீட்டு ஐயாவை அங்கேதான் கொண்டுபோனார்கள். மெசினில் மூச்சுவிட வைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அவர் திரும்பி வரவில்லை.

"என்ன சொன்னவ எண்டு முழுக்கச் சொல்லு," என்றேன்.

அவள் என் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கட்டிலின் விளிம்பில் இருந்து சொன்னாள்: "மூச்சு குறைஞ்சுகொண்டு போகுதாம், அன்ரி. இன்னும் கொஞ்சம் குறைஞ்சால் கீழை கொண்டுபோய்க் குழாய் போடவேணுமாம். இடம் கேட்டு வைச்சிருக்கினமாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னவ. நான்தான் சொல்லேல்லை."

"இனி எல்லாத்தையும் சொல்லு. எனக்குத் தாங்கும்."

தாங்கும் என்று சொன்னேனே தவிர, தாங்கவில்லை. அவள் அழுதாள். எனக்கு ஒரு கண் மூடாமல் திறந்தே கிடந்ததால் நான் அழுததை அவள் மருந்துத் தண்ணீர் என்று நினைத்திருக்கலாம். கண் காய்ந்துபோகாமல் இருக்க அடிக்கடி துளி விடுவார்கள்.

கொஞ்ச நேரம் போக அவள் கேட்டாள்: "நீங்கள் இப்ப செபிக்கிறனீங்களோ?"

அவளுக்கு என்னிடமிருந்து என்ன பதில் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத் தேவையான சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் சற்று முன்தான் எல்லாவற்றையும் சொல்லு என்று அவளிடம் கேட்டிருந்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ஏலாமல் கிடக்கு. பக்கத்து அறையிலை ஆள் இருக்கிறமாதிரித் தெரியேல்லை."

அவள் பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து சொல்லும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தொடுவது எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குழாய் போடத் தேவைப்படவில்லை. மூச்சு அந்த எல்லைக்கு மேலே ஒருவாறு நின்றுவிட்டது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் சேலைன் போலத் தொடர்ந்து சில நாட்கள் ஏற்றினார்கள். எத்தனையோ பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி அது. நரம்பைத் தின்னும் படையை அது அடக்கிவிடுமாம். அதை ஏற்றும்போது தலை பிளந்துவிடும் போல இடித்தது. போத்தல் சொட்டுவதைப் பார்த்தபடி, யாரோ முன்பின் தெரியாத பலெர்மோக்காரர்கள் எனக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பேன். அந்த நாட்களில் என்னால் முடிந்த ஒரேயொரு நல்ல நினைப்பு அதுதான்.

சுகாதார அட்டை இருந்ததால் சிகிச்சைக்குக் காசு பற்றிக் கவலைப்படவில்லை. வேலைதான் போனது. சின்யோராவின் மகன் வந்து பூ வைத்துவிட்டு, வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று தலைகுனிந்தபடி சொன்னார். சேவியர் ஒவ்வொரு மதியமும் வேலைக்குப் போகும் வழியில் வருவார். எனக்குத் தலை வாரிவிடுவார். அவருக்கு வகிடு எடுக்கத் தெரியாது. தாதிகள் சிரிப்பார்கள். அவர் போன பிறகு அதை யாரும் கலைக்க நான் விடவில்லை.

எங்கள் செபக் குழுவிலிருந்தும் வந்தார்கள். நல்ல மனதோடு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று முழுச் செபமாலையும் சொன்னார்கள். வாய் திறக்க முடியாமல் அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருவர், ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிக்கிறார் என்றார். என்னைக் கொஞ்சம் குறைவாக நேசித்திருக்கலாம் என்று நினைத்தேன். இன்னொருவர், நான் தர்சினிக்குச் சொன்னதைக் கேள்விப்பட்டிருந்தார். புதிதாக வருகிற பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா, அவள் இடறிவிழமாட்டாளா என்று காதுக்குள் கேட்டார். பதில் சொல்லும் தெம்பு இல்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் இருந்துகொண்டது. ஏனென்றால் அப்போது தர்சினி வராமல் விட்டு மூன்று நான்கு நாளாகியிருந்தது.

தொலைபேசிச் செய்தி மட்டும் வந்தது, வரமுடியவில்லை, மன்னியுங்கோ என்று. சேவியர் வாசித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடக்கூடிய கண்ணை.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரம். எனக்கு விழுங்குவது கஷ்டமாக இருந்தது. தண்ணீரைக்கூட ஒரு மாவைக் கரைத்துக் கூழாக்கித்தான் தருவார்கள். தண்ணியாகக் குடித்தால் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். தட்டை வைத்துவிட்டுத் தாதி அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள். வாசலில் நாகேஸ்வரி நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் பை, காலில் வேலைச் சப்பாத்து. உள்ளே வருவதா என்று நின்று பார்த்துவிட்டு வந்தார். சுகம் விசாரிக்கவில்லை. பையைக் கதிரையில் வைத்தார். கை கழுவிவந்து, கரண்டியை எடுத்து ஊட்டத் தொடங்கினார்.

நான் ஆச்சரியப்படக்கூட முடியாத அளவு களைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். கடைவாயால் வழிந்ததைத் துடைத்தார். விழுங்கி முடியும்வரை அடுத்த கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தாதிகளுக்கு அந்த அளவு நேரம் கிடைப்பதில்லை. தட்டு முடிந்ததும் போய்விட்டார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒருநாள் என் நகங்களை வெட்டினார். இன்னொரு நாள், ஒரே பக்கம் படுத்துச் சிக்கேறிய என் தலைமயிரை நனைத்துக் கழுவினார். சேவியர் எடுத்த வகிடும் அதோடு போனது. கதைப்பது குறைவு. வெளியில் மழை, பேருந்து பிந்தியது என்று இரண்டொரு சொல். தர்சினியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் இவர் வராமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எனக்கு அந்தக் கரண்டி தேவைப்பட்டது.

கடைசியில் அவரே தொடங்கினார். தகப்பன் மகளிடம், அந்த மனுசியைப் பார்க்கப் போனால் திரும்பி வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாராம். பெரிய சண்டையாம். அவள் பையில் உடுப்பு அடுக்கத் தொடங்கினாளாம். அதைத் தடுக்கத்தான், நீ வீட்டில் இரு, வருத்தக்காரரை நான் போய்ப் பார்க்கிறேன் என்று இவர் புறப்பட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊட்டினார்.

"சாந்தா ரொசாலியாவை நானும் கும்பிடுறனான்," என்றார். "அவள் கும்பிடுறதை நான் ஒருநாளும் வேண்டாமெண்டேல்லை. கும்பிடுறது வேறை, மாறுறது வேறை. உங்களுக்குப் பிள்ளை இல்லையெண்டு என்ரை பிள்ளையை எடுத்திட்டீங்கள் எண்டுதான் நினைச்சனான்."

என் வாயில் கூழ் இருந்தது. அதை விழுங்கினேன்.

"இப்பவும் அப்பிடி நினைக்கிறனோ எண்டு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனால் ஒண்டு கேக்கிறன். நீங்கள் சொன்னால் அவள் கேப்பாள். இப்ப வேண்டாம், கொஞ்சம் பிந்தட்டும் எண்டு சொல்லுங்கோ. அந்த மனிசன் சாப்பிடுறாரில்லை. வீடு உடைஞ்சுபோம்."

பிள்ளை இல்லை என்று அவர் சொன்னது வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் அதில் துளி உண்மையும் இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களுக்காக நான் கிழமை முழுவதும் காத்திருந்தது எனக்குத் தெரியும். தர்சினியை எனக்கு முன்னால் வரச் சொல்லுங்கள், நீங்களும் கூட இருங்கள், இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன். என் பேச்சு குழறியது. அவர் இரண்டு தரம் கேட்டு விளங்கிக்கொண்டார்.

எப்படித் தகப்பனைச் சமாளித்தார் என்று தெரியாது, ஒரு ஞாயிறு பின்னேரம் மகளைக் கூட்டிவந்தார். தர்சினி மெலிந்திருந்தாள். தாய் கால்மாட்டில் நின்றார். அவர் என்னிடம் கேட்டதை ஒன்றும் விடாமல் தர்சினிக்குச் சொன்னேன். பிறகு, உயிர்த்த ஞாயிற்றுக்கே என்று அவசரப்படவேண்டாம், அப்பாவோடு கதை, பிந்தினால் கடவுள் ஓடிப்போகமாட்டார் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே யோசித்தேன், இதை நான் அவளுடைய நன்மைக்காகச் சொல்கிறேனா, அந்தக் கரண்டிக்காகச் சொல்கிறேனா, அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுக்கவேண்டும் போல இருப்பதால் சொல்கிறேனா என்று. மூன்றும் இருந்தது.

தர்சினியின் முகம் இறுகியது. "அண்டைக்குச் செபிக்கிறேல்லை எண்டனீங்கள். இண்டைக்குப் பிந்தட்டும் எண்டுறீங்கள். விட்டுட்டீங்கள் எண்டால் விட்டுட்டன் எண்டு சொல்லுங்கோ, அன்ரி. நான் அதைத் தெரிஞ்சுகொண்டு முடிவெடுக்கிறன்."

தாய் அவளை அதட்டப் போனார். நான் வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். இப்படி நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. வந்து செபமாலை சொன்னவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. சுவாமிகூடக் கேட்கவில்லை. வந்து நற்கருணை கொடுத்துவிட்டு, தலையில் கைவைத்துவிட்டுப் போவார். நான் மூச்சைச் சேர்த்துக்கொண்டேன்.

"விட்டிட்டுப் போகேல்லை," என்றேன். "களைச்சுப்போனன். ரெண்டும் ஒண்டில்லை. எனக்குச் செபிக்கப் பலமில்லை. ஆனால் நான் ஆண்டவரின்ரை வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. படுத்துக்கிடக்கிறன், அவ்வளவுதான்."

இரண்டு வருடம் குசினி மேசையில் அவளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். வசனங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறேன், புனிதர்களின் கதைகள் சொல்லியிருக்கிறேன். அவற்றில் எது அவளுக்குள் நின்றது என்று தெரியாது. இது நின்றது. பிறகொரு நாள் அவளே சொன்னாள். அந்த நேரத்தில் அவள் யன்னலடிக்குப் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்து, "பிந்தட்டும். நீங்கள் எழும்பும்வரைக்கும்," என்றாள். தாயைப் பார்த்து, "அப்பாக்காக இல்லை. இவவுக்காக," என்றாள்.

தாய் என் உதட்டைத் துடைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

உயிர்த்த ஞாயிறு வந்து போனது. சேவியர் சின்னக் கிண்ணத்தில் தான் பொங்கிய புக்கை கொண்டுவந்து, அதை எனக்குத் தரக்கூடாது என்று தாதி சொன்னதும் கட்டிலருகே இருந்து தானே சாப்பிட்டார். அதற்குப் பிறகு என்னை மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். இருக்கப் பழக்குவது, நிற்கப் பழக்குவது, விரலை மடக்கப் பழக்குவது எல்லாம் அங்கேதான். நரம்பின் உறை திரும்ப வளர்வது மிக மெதுவாம். காலையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கவைப்பார்கள். நின்று முடிந்ததும் அன்றைய நாள் முடிந்துவிட்டது போல இருக்கும். களைப்பு என்றால் வேலை செய்து வரும் களைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது தூங்கி எழும்பினாலும் போகாத களைப்பு. இந்த வருத்தம் வந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்கிறேன், அது சோம்பல் இல்லை. வீட்டாருக்கு அதைச் சொல்லிவையுங்கள்.

தர்சினி இப்போது ஒளிக்காமல் வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் தகப்பனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு, தன் விருப்பத்தை ஒருமுறை சொல்வாளாம். அவர் பதில் சொல்லமாட்டாராம். அவள் மறுத்துக் கதைக்காமல் தட்டைக் கழுவிவைப்பாளாம். சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வராதே என்று அவர் திரும்பவும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மறுவாழ்வுப் பிரிவின் நடையில், தானியங்கிக் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில், அவள் நற்செய்தியை வாசிப்பாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாட்களில் நடுவில் தூங்கிவிடுவேன். அவள் முழுப் பகுதியையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் போவாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். செபம் எனக்கு ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை. ஒருநாள் அவள் வாசித்து முடித்ததும் என்னையறியாமல் ஆமென் என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுவாமி குறித்தார். வைத்தியசாலையில் சில மணித்தியாலம் வெளியே போக அனுமதி தந்தார்கள். ஆபிரிக்கப் பக்கத்துச் சூடான காற்று வீசிய நாள். கோயிலின் கதவுகளைத் திறந்துவைத்தும் உள்ளே புழுங்கியது. சேவியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் விட்டார். தர்சினி வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். தகப்பன் வரவில்லை. தாய் வந்திருந்தார். பொட்டும் திருநீறும் வைத்து, பட்டுச்சேலை கட்டி, கடைசி வாங்கின் ஓரத்தில் இருந்தார். எழும்புகிற நேரத்தில் மற்றவர்களைப் பார்த்து எழும்பினார், முழந்தாளிடுகிற நேரத்தில் இருந்துகொண்டார்.

ஞானத்தாய் வலது கையைப் பிள்ளையின் தோளில் வைக்கும்படி சுவாமி சொன்னார். தர்சினி எனக்கு முன்னால் வந்து முழந்தாளிட்டாள். தோள் எவ்வளவோ கிட்ட இருந்தது. என் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, நடுங்கி, திரும்ப விழுந்தது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. வெட்கமாக இருந்தது. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சேவியர் இரண்டு கையிலும் மெழுகுதிரியையும் வெள்ளைத் துணியையும் வைத்துக்கொண்டு எதைக் கீழே வைப்பது என்று தடுமாறினார்.

பட்டுச்சேலையின் சரசரப்புக் கேட்டது. நாகேசக்கா நடுப்பாதையால் வந்தார். அவசரப்படவில்லை. ஒருவரையும் பார்க்கவில்லை. என் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, ஊட்டிய நாட்களில் என் தலையைத் தூக்கியது போலவே பதனமாக என் கையைத் தூக்கித் தன் மகளின் தோளில் வைத்தார். வைத்த பிறகு எடுக்கவில்லை. எடுத்தால் என் கை விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சுவாமி தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, எல்லாம் முடியும்வரை அவர் குனிந்தபடியே நின்றார். தண்ணீர் தெறித்து அவருடைய சேலையிலும் பட்டது.

பூசை முடிந்து வெளியே நிழலில் என்னை விட்டிருந்தார்கள். ஆட்கள் தர்சினியைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகேசக்கா என் பக்கத்தில் நின்று, தன் வலது கையை இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அவர் என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்தபடி சொன்னார்: "உங்கடை கை சரியான பாரம், எமல்டா."